செருப்பு கிடந்த இடம்

ஜொவிட்டாவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சாந்தோமில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்று பாடினாலும் முன்னால் நிற்கும் அத்தனை பேரையும் அமுக்கிவிடும். ஆர்மோனியம் வாசிக்கும் அவள் கணவன் டெரன்ஸ், கொஞ்சம் அடக்கிப் பாடு என்று கண்ணாலேயே கெஞ்சுவான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். திங்கட்கிழமை காலையில் அதே குரல் வெள்ளைச் சட்டையும் காக்கிப் பேண்டும் மாட்டிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்துவிடும். அங்கே அடக்கச் சொல்ல ஆளே கிடையாது.

போக்குவரத்துப் பிரிவில் தலைமைக் காவலர். ஆட்டோக்காரர்களுக்கும் பூக்காரிகளுக்கும் ஏட்டம்மா. மயிலாப்பூரிலிருந்து அடையாறு பக்கம் போகிற ஒரு சாலையில் அவளுடைய பூத் இருந்தது. சாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே வீடு வைத்திருப்பவர்கள் வாடகை குறைந்துவிடும் என்று சண்டைக்கு வருவார்கள். காலையில் பள்ளிக்கூட வேன்களும் தரமணிக்குப் போகிற கம்பெனி பஸ்களும், மாலையில் தி.நகரில் துணி எடுத்துவிட்டுத் திரும்புகிற கூட்டமுமாக, அந்த ரோடு மூச்சுவிட்டு யாரும் பார்த்ததில்லை.

அந்த பூத்தை ஜொவிட்டா ஒரு வீடு மாதிரி வைத்திருந்தாள். மேலே தூங்குமூஞ்சி மரம் குடை பிடித்தது. கீழே ஒரு தண்ணீர் கேன், பிளாஸ்டிக் நாற்காலிகள், பஞ்சும் மருந்தும் வைத்த டப்பா, கோடையில் டெரன்ஸ் கொண்டுவந்து வைக்கும் மோர்ப் பானை. சாந்தோம் கோயிலின் பங்கு இளைஞர்களிடம் அதட்டி வாங்கிய ஒரு மடக்குக் கட்டில்கூட உண்டு. அடிபட்டவர்களைப் படுக்க வைக்கத்தான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் அப்பா விக்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஒருநாள் சைக்கிளில் போகும்போது ஒரு வேன் தட்டிவிட்டது. போலீஸ் வந்து சாக்கட்டியால் கோடு போடும்வரை தொடக்கூடாது என்று யாரோ ஒரு மேதாவி சொல்ல, கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கொதிக்கிற தாரில் கிடந்த மனுஷனுக்கு நிழலுக்கு ஒரு துண்டைக்கூட யாரும் விரிக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். ஆனால் கால் முறிந்த வலியை மறந்தவர், அந்த வெயிலைச் சாகும்வரை மறக்கவில்லை. போலீஸ் வேலையில் சேர்ந்த நாளிலேயே ஜொவிட்டா முடிவு செய்துவிட்டாள். தன் ரோட்டில் அடிபட்டவர்கள் எவரும் வெயிலில் கிடக்கக்கூடாது.

ஆகவே அந்த ரோட்டில் எங்கே எது மோதினாலும் சட்டம் ஒன்றுதான். முதலில் ஆளைத் தூக்கி பூத்துக்குக் கொண்டுவா. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பூத் ஓரம் கட்டு. தண்ணீர் கொடு. அப்புறம் மற்றதெல்லாம். பின்னால் நின்று ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கிறவர்களுக்கும் இது வசதியாக இருந்தது. ரோடு உடனே கிளியர். அதிகாரிகள் பாராட்டினார்கள்.

பிறகு ஆப் வந்தது. விபத்து நடந்தால் போலீஸார் கையில் இருக்கும் போனில் அதைத் திறந்து பட்டனை அழுத்த வேண்டும். எந்த இடம் என்று யாரும் எழுத வேண்டியதில்லை, போனே தெரிந்துகொள்ளும். அழுத்துகிற ஒவ்வொரு முறையும் நகரத்தின் படத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளிகள் கூடக் கூட அந்த இடம் மஞ்சளாகி, பின் சிவப்பாகும். சிவப்பான இடத்துக்கு ஆளும் வெளிச்சமும் சிக்னலும் போகும். நல்ல ஏற்பாடுதான். ஜொவிட்டாவும் ஒழுங்காக அழுத்தினாள், அவளோடு பூத்தில் நிற்கும் காவலர் சாய்சரணும் ஒழுங்காக அழுத்தினான்.

முதல் ஆய்வுக் கூட்டத்துக்கு எல்லா பூத் ஆட்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். சுவரில் படத்தைப் போட்டார்கள். துணை ஆணையர் படத்தையும் பார்த்தார், ஜொவிட்டாவையும் பார்த்தார். அந்த வட்டாரம் முழுவதிலும் ரத்தச் சிவப்பாக இருந்தது ஒரே இடம். அது எந்த இடம் என்று அவர் கேட்க, இன்ஸ்பெக்டர் மதிவாணன் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அது ஏட்டம்மா பூத் சார் என்றார்.

கூட்டமே சிரித்தது. ரோட்டில் விபத்தைத் தடுக்க நிற்கிற போலீஸ்காரியின் மூக்குக்குக் கீழேதான் ஊரில் உள்ள விபத்தெல்லாம் நடக்கிறது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? துணை ஆணையர் சிரிக்கவில்லை. கெட்ட மனிதரும் அல்ல. படம் சொல்வதை வைத்து நியாயமாகத்தான் பேசினார். பூத் பார்வையை மறைக்கிறது போலிருக்கிறது, எடுத்துவிடலாம். வட்டாரத்துக்கு வரப்போகும் ஒரே பாதசாரி சிக்னலை அந்த இடத்திலேயே வைக்கலாம். ஏட்டம்மாவுக்கும் ரோட்டில் நின்று களைத்திருக்கும், கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கட்டும். அடுத்த ஆய்வுக் கூட்டம்வரை பார்ப்போம், அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் உத்தரவு போட்டுவிடலாம்.

ஜொவிட்டாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். அந்த பூத்தின் முன்னால் ஒரு நாய்கூட அடிபட்டதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் படத்தை எதிர்த்து என்னவென்று பேசுவது? ரோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு அறைக்குள் உட்காரவைத்தால், அதற்குப் பேசாமல் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து டெரன்ஸிடம் கொட்டினாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒருவேளை நிஜமாகவே உன் பூத்தில்தான் நடக்கிறதோ என்னவோ என்று விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தான். அன்று அவன் தட்டில் குழம்பு விழுந்தது, மீன் விழவில்லை.

சில நாள் கழித்து பூத்துக்கு ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் லேப்டாப் பை, தலையில் சாம்பல் நிற ஸ்கார்ஃப், கையில் மடக்குக் குடை. பெயர் ஜுவேரியா. ராயப்பேட்டையில் வீடு, தரமணியில் வேலை. போலீஸுக்காக அந்தப் படத்தைப் போட்டுக் கொடுக்கிறவளே அவள்தான். அதைக் கேட்டதும் ஜொவிட்டாவுக்குச் சுர்ரென்று ஏறியது. உட்காரச் சொல்லவில்லை, மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்த பூத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

ஜுவேரியா அதைக் கண்டுகொள்ளாமல் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். கூட்டம் முடிந்ததிலிருந்தே அவளுக்கு அந்தச் சிவப்பு உறுத்திக்கொண்டிருந்ததாம். மற்ற ரோடுகளில் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. இங்கே மட்டும் ஒரு படி அரிசியைக் கொட்டினது போல ஒரே குவியல்.

"மனுஷங்க இப்டி ஒரே எடத்துல வந்து விழ மாட்டாங்க அக்கா," என்றாள். "நான் போட்ட படம்தான், ஆனா எனக்கே நம்பிக்கையா இல்ல. அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

ஜொவிட்டாவுக்கு அந்த நிமிஷத்தில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

மோர் டம்ளர் கைக்கு வருமுன்பே ரோட்டின் கீழ்ப்பக்கம் பிரேக் கிறீச்சிட்டது. சாய்சரண் ஓடினான். வழக்கம்போல எல்லாம் மளமளவென்று நடந்தது. அந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை செய்யும் பொன்மணியை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். முழங்கால் சிராய்த்திருந்தது, நல்லவேளை வேறொன்றும் இல்லை. இடித்த பையன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து பூத் ஓரம் கட்டினான், வெளிறிப்போயிருந்தான். ஜொவிட்டா பொன்மணியைக் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, காலைக் கழுவி மருந்து போட்டாள். பையனுக்கு ஒரு திட்டும் ஒரு டம்ளர் மோரும் கிடைத்தன. எல்லாம் அடங்கியதும் சாய்சரண் நாற்காலியில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்து, போனை எடுத்துப் பட்டனை அழுத்தினான்.

ஜுவேரியா அவன் போனை வாங்கிப் பார்த்தாள். புதிய புள்ளி பூத்தின் மேல், சரியாகச் சொன்னால் மோர்ப் பானையின் மேல், விழுந்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னா சிரிப்பு?" என்று ஜொவிட்டா முறைத்தாள்.

ஜுவேரியா போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இவங்க அடிபட்டது இங்கயா அக்கா?"

ஜொவிட்டா புள்ளியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். மெல்ல மெல்ல உறைத்தது. அவள் ஓடி ஓடிச் செய்த உபகாரம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகி அவள் தலையிலேயே விழுந்திருந்தது. எத்தனைக்கெத்தனை நன்றாகக் கவனித்தாளோ அத்தனைக்கத்தனை பூத் சிவந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் அவளும் சிரித்தாள், பொன்மணிகூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சரி, அப்படியானால் எங்கேதான் நடந்தது? அங்கேதான் அடுத்த வேடிக்கை. மதுக்கடை வளைவுப் பக்கம் என்றான் சாய்சரண். ஆஸ்பத்திரி எதிரில் என்றான் பைக் பையன். பிள்ளையார் கோயிலாண்ட என்றாள் பொன்மணி. மூன்றும் மூன்று மூலையில் இருந்தன. நம் ஊரில் வழி சொல்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். பெயருள்ள இடத்தைச் சொல்லி, அதன் எதிரே, அதன் பக்கத்திலே, அதைத் தாண்டி என்பார்கள். பெயரில்லாத இடத்தில் ஒரு காரியம் நடந்தால் பக்கத்தில் பெயரோடு நிற்கிற ஏதாவது ஒன்றின் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். அதில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் உண்மையும் சொல்வதில்லை.

அப்போதுதான் ஜொவிட்டா பொன்மணியின் காலைக் கவனித்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

மற்றதைத் தேடிக்கொண்டு எல்லாருமாக நடந்தார்கள். பஸ் ஸ்டாப்பின் கூரையைத் தாண்டி, ஒரு நீண்ட காம்பவுண்டுச் சுவர். அதன் எதிரே ரோட்டுக்கு நடுவில் இருக்கும் தடுப்பில் ஒரு இடைவெளி. கடை கிடையாது, கோயில் கிடையாது, அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. இடைவெளிக்கு நேராக, வண்டிகள் ஏறி ஏறி நசுங்கி, பொன்மணியின் நீலச் செருப்பு கிடந்தது. ஜொவிட்டா கையை உயர்த்தி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினாள். செருப்பின் பக்கத்தில் நின்று பட்டனை அழுத்தினாள். படத்தில் அதுவரை வெறுமையாகக் கிடந்த இடத்தில் முதல் புள்ளி விழுந்தது.

அன்றிலிருந்து பூத்தில் சட்டம் கொஞ்சம் மாறியது. ஆளை முதலில் நிழலுக்குக் கொண்டுவருவதில் மாற்றமில்லை, அதில் ஜொவிட்டா யாருடைய பேச்சையும் கேட்பதாக இல்லை. ஆனால் ஆள் வந்து சேர்ந்ததும் ஒருவர் திரும்பிப் போக வேண்டும். செருப்பு கிடக்கும் இடத்துக்குப் போய் அழுத்த வேண்டும். செருப்பு இல்லாவிட்டால் உடைந்த கண்ணாடி, சிதறின காய்கறி, கொட்டின மாவு, ஏதாவது ஒன்று நிச்சயம் கிடக்கும். சாய்சரண் முனகினான். பக்கத்து பூத்காரர்கள் ஏட்டம்மா செருப்புப் பொறுக்கப் போகிறாள் என்று வயர்லெஸ் மைக்கிலேயே கிண்டல் செய்தார்கள். மதிவாணன் பயந்தார். நடுரோட்டில் நின்று பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் உன்னையே ஒருத்தன் தூக்கிவிட்டுப் போவான், அப்புறம் அந்தப் புள்ளியை யார் வைப்பது என்று கேட்டார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு தடுப்புக் கூம்புகளைக் கொடுத்து அனுப்பினார்.

புள்ளிகள் விழ விழ, ஜொவிட்டா ஒன்றை மட்டும் உறுதியாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். மதுக்கடை வளைவு. அந்த ரோட்டில் ஆபத்தான இடம் அதுதான் என்று அவள் வருஷக்கணக்காக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறாள். சத்தியம்கூடச் செய்திருக்கிறாள். ஆனால் வளைவில் ஒரு புள்ளியும் விழவில்லை. அங்கே போகும்போது எல்லாரும் பயந்து வண்டியை மெதுவாக்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். புள்ளிகள் எல்லாம் அந்தப் பெயரில்லாத சுவருக்கு எதிரே வந்து சேர்ந்தன. பல காலம் அந்த ரோட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவளுக்கு இது பொறுக்கவில்லை. ஜுவேரியாவிடம் போனில் சண்டை போட்டாள். ஜுவேரியா, நானா அக்கா அழுத்தினேன், நீங்கதானே அழுத்தினீங்க என்றாள். ஜொவிட்டா போனை வைத்துவிட்டாள்.

ஏன் அங்கே என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது போலிருந்தது. ஒரு விடுமுறை நாளில் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். யோசித்தால் ஆச்சரியம்தான். அந்த ரோட்டில் அத்தனை காலம் நின்றவள் ஒருநாள்கூட அதில் பஸ்ஸில் வந்ததில்லை, எப்போதும் ஸ்கூட்டர்தான். ஸ்டாப் நெருங்கியது. கூரைக்கு முன்னால் வரிசையாகக் கார்கள் நின்றன. ஓட்டுநர் அதைத் தாண்டிப் போய், சுவருக்கு எதிரே, ரோட்டின் நடுவிலேயே நிறுத்தினார். வேறு எங்கே நிறுத்துவார் பாவம். எல்லாரோடும் இறங்கினாள். எதிர்ப்பக்கம் போக எல்லாரோடும் பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி நடந்தாள். பஸ்ஸின் மறைவிலிருந்து தலையை நீட்டிய அதே நொடியில் ஒரு பைக் அவள் முந்தானையை உரசிக்கொண்டு பறந்தது. ஓட்டியவன் அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கவும் முடியாது.

ஜொவிட்டா தடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பயத்தில் மட்டுமல்ல. தன் ரோட்டில் தினமும் இத்தனை பேர் இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள், கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு தான் மோர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம் என்ற நினைப்பில். அந்த இடத்திலிருந்தே ஜுவேரியாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள்.

ஜுவேரியா சும்மா இருக்கிற பெண் இல்லை. அந்த வட்டாரத்தில் போன் பறிகொடுத்தவர்களின் புகார்களையும் கேட்டு வாங்கினாள். எல்லாரும் ஸ்டேஷனில் பிள்ளையார் கோயில் பக்கம் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் குற்றப்பிரிவு ஆட்கள் மாலை நேரத்தில் கோயில் வாசலில் காவல் நின்றார்கள். பிள்ளையாருக்கு நல்ல பாதுகாப்பு. ஜுவேரியா புகார் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, படத்தை விரித்துவைத்து, வாயால் சொல்ல வேண்டாம், விரலால் தொட்டுக் காட்டுங்கள் என்றாள். விரல்கள் எல்லாம் சுவருக்கு எதிரே போய் நின்றன. மரக்கிளை தெருவிளக்கை மறைத்த இடம், பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எல்லாரும் போனை எடுத்துப் பார்க்கிற இடம், பைக்கில் வந்தவன் பிடுங்கிக்கொண்டு தடுப்பின் இடைவெளியில் புகுந்து மறுபக்கம் ஓடிவிட வசதியான இடம். இடித்ததும் அங்கேதான், பிடுங்கியதும் அங்கேதான்.

ஆய்வுக் கூட்டத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மதிவாணனுக்குக்கூட ரோஷம் வந்துவிட்டது. குற்றப்பிரிவோடு பேசி, மாலையில் அந்த இடத்தில் சாதாரண உடையில் ஆள் நிறுத்தினார். சாய்சரண் பனியன் கம்பெனி பையோடு சுவரில் சாய்ந்து நின்றான். ஜொவிட்டா புடவையில், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள். முதலில் சில மாலைகள் ஒன்றும் நடக்கவில்லை. கொசுதான் கடித்தது.

ஒருநாள் விளக்கு ஏற்றும் நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கல்லூரிப் பெண் போனைக் காதில் வைத்தாள். பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது, உட்கார்ந்திருந்தவன் கை நீண்டது, போன் போய்விட்டது. பைக் இடைவெளியை நோக்கித் திரும்பியது. ஓடிப் பிடிக்கிற தூரமில்லை. ஜொவிட்டா யோசிக்கவே இல்லை. அடிவயிற்றிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரலை எடுத்து வீசினாள்.

"ஏய் வண்டி! ஓரம் கட்டு!"

பைக்கின் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. பிரேக் பிடித்துவிட்டான். சென்னையில் வண்டி ஓட்டுகிறவன் எவனாக இருந்தாலும் அந்தச் சொல் அந்தத் தொனியில் காதில் விழுந்தால் கை தானாகப் போய்விடும். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி சாய்சரணுக்குப் போதும். அவன் பாய்ந்து ஹேண்டில் பாரைப் பிடிக்க, பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் மற்றதைப் பார்த்துக்கொண்டது. பின்பு ஸ்டேஷனில், ஏன்டா நிறுத்தினாய் என்று மதிவாணன் நிஜமான ஆர்வத்தோடு கேட்டார். ஓட்டியவன் தலையைச் சொறிந்துகொண்டு, "தெர்ல சார், கை தானா போய்ட்சு," என்றான். கூட இருந்தவன் அவனை முறைத்த முறைப்பை ஸ்டேஷனே பார்த்து ரசித்தது.

ஆய்வுக் கூட்டத்தில் இந்த முறை ஜொவிட்டா முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஜுவேரியா முதலில் பழைய படத்தைப் போட்டாள், போன கூட்டத்தில் சிரித்தவர்கள் ஞாபகமாகச் சிரித்தார்கள். அடுத்து, செருப்பைத் தேடிப் போய் அழுத்த ஆரம்பித்த பிறகு விழுந்த புள்ளிகளோடு புதிய படம். பூத்தின் மேல் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. அதற்குக் கீழே பெயரில்லாத சுவருக்கு எதிரே விபத்துப் புள்ளிகளும் பறிப்புப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. யாரும் சிரிக்கவில்லை. துணை ஆணையர் எழுந்து வந்து படத்தருகே நின்று பார்த்தார். சிவப்பு எப்படி இங்கே நகர்ந்தது என்று கேட்டார்.

ஜொவிட்டா எழுந்தாள். குரலை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"நாங்க அடிபட்டவங்கள நெழலுக்குக் கூட்டினு வந்தோம் சார். புள்ளியையும் கூடவே கூட்டினு வந்துட்டோம். இப்ப செருப்பு எங்க கெடக்குதோ அங்க போய் அழுத்துறோம்."

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அந்த அறையில் இருந்த எல்லா இன்ஸ்பெக்டர்களையும் பார்த்து, உங்கள் பூத்களில் எத்தனை சிவப்பு இப்படி நிழலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். பாதிப்பேர் தலையைக் குனிந்தார்கள். இனி எல்லா இடத்திலும் ஏட்டம்மா முறைதான் என்றார். சிக்னல் சுவருக்கு எதிரே போகட்டும் என்றார். கடைசியாக, பூத்தை எடுக்கச் சொன்னேன் அல்லவா, அது அங்கேயே இருக்கட்டும், மோரோடு என்றார். ஜொவிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்து, ஜுவேரியாவை அன்று கட்டிக்கொள்ளாததற்கும் சேர்த்து இன்று இறுகக் கட்டிக்கொண்டாள். அன்று டெரன்ஸ் தட்டில் வஞ்சிரம் இரண்டு துண்டாக விழுந்தது.

வேலைகள் நடக்கச் சில மாதம் பிடித்தது, நம் ஊர் வேலை அப்படித்தான். ஆனால் நடந்தது. கூரைக்கு முன்னால் கார்கள் நிற்காமல் கம்பி போட்டார்கள், பஸ்கள் கூரைக்கு முன்னாலேயே நின்றன. தடுப்பின் இடைவெளியை அடைத்தார்கள். கிளையை வெட்டியதும் தெருவிளக்கு வெளியே வந்தது. நடக்கிறவர்கள் அழுத்தினால் வண்டிகளை நிறுத்தும் சிக்னல் சுவருக்கு எதிரே நின்றது. முதல்நாள் பொன்மணி புதுச் செருப்போடு வந்து பட்டனை அழுத்தி, இரண்டு பக்கமும் நின்ற கார்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகாராணி மாதிரி மெதுவாக நடந்து கடந்தாள். பச்சை போதாமல் பாதியில் ஓடவேண்டியிருந்தது வேறு விஷயம். பெயரில்லாமல் கிடந்த இடத்துக்குப் பெயரும் வந்துவிட்டது. அந்த வழியில் வருகிற நடத்துநர்கள் இப்போது, ஏட்டம்மா சிக்னல்லாம் எறங்கு என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். பஸ்ஸில் முதல்முறை அதைக் கேட்டபோது ஜொவிட்டா வெட்கத்தில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினாள்.

அதற்கடுத்த ஆய்வுக் கூட்டம். சிக்னல் வந்தபின் சேர்ந்த புள்ளிகளின் படம் சுவரில் விழுந்தது. துணை ஆணையர் ஒவ்வொரு ரோடாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்று புருவத்தைச் சுருக்கினார். ஒரு ரோடு முழுக்கச் சுத்தமாக இருந்தது. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை, ஒற்றைப் புள்ளிகூட இல்லை. அவர் கண் ஜொவிட்டாவைத் தேடியது.

"என்ன ஏட்டம்மா, உங்க ரோட்டுக்கு எதுவுமே வரல? ஆளுங்க பட்டனை அழுத்துறத விட்டுட்டாங்களா?"

ஜொவிட்டா எழுந்து நின்றாள். சாந்தோம் கோயிலின் கடைசி வரிசையில் நிற்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

"போன் கையிலதான் இருக்குது சார். அழுத்துறதுக்கு ஒண்ணும் நடக்கல."